ஒரு மகிழுந்தின் பிறப்புச் சான்றிதழ்



1960களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள விக்டோரியா உயர்நிலைப் பள்ளிக்கு ஒரு பழைய பந்தய மகிழுந்து நன்கொடையாகக் கிடைத்தது. கொடுத்தவர் பந்தயக் குழு ஒன்றை நடத்தியவர். அவரைப் பொறுத்தவரை அது ஓடி முடித்த வண்டி. பள்ளிக்கோ, வாகனப் பழுதுபார்ப்புப் பாடத்தில் மாணவர்கள் கழற்றிப் பூட்டிப் பழகுவதற்கு ஏற்ற பயிற்றுக்கருவி. 1972ஆம் ஆண்டில் பள்ளி அதனை 6,500 டாலருக்கு விற்றுவிட்டது. அவ்வண்டியின் அடிச்சட்ட எண் 3589 ஜி.டி. ஃபெராரி நிறுவனம் 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே உருவாக்கிய 250 ஜி.டி.ஓ. வகையைச் சேர்ந்தது அது. அதே வகையில் இன்னொரு வண்டி 2018 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் 48.4 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோயிற்று.

இந்தச் செய்தியை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். "அந்தத் தலைமையாசிரியர் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்" என்றார் ஒருவர். முதன்முதலில் படித்தபோது நானும் சிரித்தவன்தான். பிறகு வேறொரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை செய்திகளும் நமக்கு எப்படித் தெரிய வந்தன? இத்தாலியின் மொடேனா நகரில் தகடு அடித்துக் கட்டப்பட்ட ஒரு வண்டி, கடல் கடந்து, டெக்சாசின் ஒரு பள்ளிக்கூடப் பட்டறையில் நின்றது என்பதை எவரோ தேடிக் கண்டறிந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படித் தேடுவோரைப் பற்றியும், அவர்களிடமிருந்து வரலாற்றுப் பாடம் நடத்தும் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதைப் பற்றியுமே இன்று எழுத விழைகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். எனக்கு மகிழுந்து ஓட்டுவதில் பெரிய திறமை எதுவும் கிடையாது. என் வீட்டு வாசலில் நிற்பது ஒரு பழைய பெரோடுவா விவா. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற காலத்தில், அக்கழக நூலகத்தின் ஒரு மூலையில் கிடந்த பழைய மகிழுந்து இதழ்களைப் புரட்டிப் பார்த்தேன். படங்களுக்காகப் புரட்டத் தொடங்கியவன், கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருந்த உரிமையாளர் பட்டியல்களில் மூழ்கிப்போனேன். அந்தப் பழக்கம் இன்றுவரை விடவில்லை. என் துணைவியார் இதனை "யாரோ வீட்டுச் சாதகம் பார்ப்பது" என்று கேலி செய்வார். அது ஓரளவு உண்மையே.

இவ்வண்டிகள் எப்படி உருவாயின என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் லாரிக்குப் பாடி கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரமும் சக்கரங்களும் பூட்டிய அடிச்சட்டம் ஓரிடத்திலிருந்து வரும். மேலே உள்ள கூடு இன்னோர் இடத்தில் எழும். இத்தாலியில் இதே முறையில்தான் சிறந்த மகிழுந்துகள் கட்டப்பட்டன. ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, மசராட்டி, ஃபெராரி போன்ற நிறுவனங்கள் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் செய்து கொடுக்கும். மிலானில் ஜகாத்தோ (1919), டூரிங் (1926), தூரின் நகரில் பெர்த்தோனே (1912), பினின் ஃபரினா (1930), மொடேனாவில் ஸ்காலியெத்தி ஆகிய பட்டறைகள் உடற்கூட்டைக் கட்டும். டூரிங் பட்டறையின் முறைக்கு 'சூப்பர்லெஜ்ஜேரா' என்று பெயர். 'மிக இலேசானது' என்று பொருள். மெல்லிய எஃகுக் குழாய்களால் ஒரு கூடு பின்னி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். தகடுகளை மர அச்சின் மீதும் மணல் மூட்டையின் மீதும் வைத்துச் சுத்தியலால் தட்டியே வளைத்தார்கள். கையால் செய்த வேலையாதலால் ஒரே வண்டியின் இடப்புறமும் வலப்புறமும் சில மில்லிமீட்டர் வேறுபடும். ஒரே வகையில் பத்து வண்டிகள் கட்டினாலும் பத்தும் பத்து முகம். விளக்கின் இடம் சற்று மாறும், காற்றுத்துளை ஒன்று கூடும், கதவுப்பிடி வேறாக இருக்கும்.

தேடுவோருக்கு இந்த வேறுபாடுதான் முதல் வரம். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் வார்த்தெடுத்த வண்டிகளைப் புகைப்படத்தில் பிரித்தறிய இயலாது. கையால் கட்டியதை இயலும். மூக்கின் ஓரத்தில் உள்ள ஒரு துளையைக் கொண்டே, 1955இல் எடுத்த படத்தில் இருப்பதும் இன்று ஏலக்கூடத்தில் நிற்பதும் ஒன்றா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது எண்கள். அடிச்சட்டத்தில் வெட்டிய எண், இயந்திரத்தின் எண், கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் உள்ள உள் எண்கள், உடற்கூட்டுப் பட்டறை தன் கணக்குக்காகத் தகட்டின் உட்புறத்தில் குத்திய எண் என அடுக்கடுக்காக உண்டு. ஃபெராரி நிறுவனம் 1950களில் பந்தய வண்டிகளுக்கு இரட்டைப்படை எண்களையும் சாலை வண்டிகளுக்கு ஒற்றைப்படை எண்களையும் வழங்கியது. எனவே எண்ணைப் பார்த்தவுடனேயே பிறப்பின் நோக்கம் ஓரளவு தெரிந்துவிடும். (250 ஜி.டி.ஓ. பந்தயத்துக்கென்றே பிறந்தும் ஒற்றைப்படை எண் பெற்றது. சாலை வண்டி வகையின் ஒரு திருத்தம் என்றே அதனைப் போட்டி அமைப்பாளர்களிடம் ஃபெராரி காட்டியது. ஆவணமும் சில வேளைகளில் கெட்டிக்காரத்தனம் செய்யும்!)

பிறகு அரசுப் பதிவேடு. இத்தாலியில் பொது வாகனப் பதிவகம் 1927ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. வண்டியை முதலில் வாங்கியவர், அவரிடமிருந்து வாங்கியவர், விற்ற நாள் எனக் காலவரிசையில் எழுதிய சுருக்கத்தை அங்கிருந்து பெறலாம். நம்மூர் வண்டியின் 'கிராண்ட்' போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாத்தா கொள்ளுத்தாத்தா வரையிலும் அதில் இருக்கும். பழைய பதிவெண்களின் முன்னால் மாநிலக் குறியீடு இருக்கும்: மிலானுக்கு எம்.ஐ., தூரினுக்கு டி.ஓ., மொடேனாவுக்கு எம்.ஓ. வண்டி மிலானிலிருந்து ரோமுக்குக் குடிபெயர்ந்தால் பதிவெண்ணும் மாறிவிடும். ஆகவே ஒரே வண்டி வெவ்வேறு படங்களில் வெவ்வேறு பதிவெண்ணுடன் தோன்றும். இது தெரியாதவர், ஒரு வண்டியை இரண்டாக எண்ணிவிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்தது மில்லே மிலியா பந்தய எண்தான். பிரேஷியா நகரிலிருந்து ரோம் சென்று மீண்டும் பிரேஷியாவுக்கே திரும்பும் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர்ச் சாலைப் பந்தயம் அது. 1927 முதல் 1957 வரை நடந்தது. அதன் பிற்காலத்தில் வண்டியின் மேல் எழுதிய எண்ணே புறப்பட்ட நேரம். 1955இல் ஸ்டெர்லிங் மாஸ் வென்ற மெர்சிடிஸ் வண்டியின் எண் 722; அதாவது காலை 7.22க்குப் புறப்பட்டது. ஒரு சிற்றூர்த் தெருவில் யாரோ எடுத்த மங்கலான படத்தில் அந்த எண் மட்டும் தெரிந்தால் போதும். புறப்பட்டோர் பட்டியலைப் புரட்டி, ஓட்டியவர் யார், வண்டி எது என்று கண்டுகொள்ளலாம். இதை ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் கணிதப் புதிராகவே கொடுத்திருக்கிறேன். விடையை விட, "அப்படியென்றால் நள்ளிரவுக்குப் பிறகு புறப்பட்ட வண்டியின் எண் என்ன, ஐயா?" என்று ஒரு சிறுமி கேட்ட கேள்வி எனக்கு இனித்தது.

இந்தத் துறையில் நான் பெரிதும் மதிப்பவர் சைமன் மூர் என்னும் ஆய்வாளர். ஆல்ஃபா ரோமியோவின் 8சி 2300 வகைக்கு 'தி லெஜண்டரி 2.3' என மூன்று தொகுதிகள். 8சி 2900 வகைக்கு 'தி இம்மார்ட்டல் 2.9'. அடிச்சட்டம் அடிச்சட்டமாக, ஒவ்வொரு வண்டியும் எங்கே பிறந்தது, எவரிடம் போனது, எப்போது இயந்திரம் மாறியது, எந்த ஆண்டுகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது என்று எழுதியிருக்கிறார். 1938 லே மான் பந்தயத்தில் சோமரும் பியோந்தெத்தியும் நெடுந்தொலைவு முன்னணியில் ஓட்டிச் சென்று, முடிவுக்கு முன்பே பழுதாகி நின்ற அந்த டூரிங் கூடு கட்டிய 2900ஐப் போன்ற புகழ்பெற்ற வண்டிக்கு எவரும் பக்கம் பக்கமாக எழுதிவிடலாம். அது இப்போது மிலானுக்கு அருகே ஆரேசேயில் உள்ள ஆல்ஃபா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்தப் பந்தயத்திலும் வெல்லாத, எந்த நடிகரும் அமராத வண்டிக்கும் அதே பொறுமையோடு எழுதுவதுதான் அறிஞர் இயல்பு.

ஆவணம் இருந்தால் எழுதலாம். இல்லாவிட்டால்? 1943ஆம் ஆண்டு குண்டுவீச்சில் மிலானிலிருந்த ஜகாத்தோ பட்டறை அழிந்தது. பட்டறை அழிந்தால் அதன் கணக்கேடுகளும் ஓவியத்தாள்களும் சேர்ந்தே போகும். போர் மட்டுமே காரணம் என்பதும் இல்லை. நொடித்துப்போன பட்டறைகளின் தாள்கள் குப்பைக்குப் போவது எங்கும் நடப்பது. பெர்த்தோனே நொடித்தபோது அதன் சேகரிப்பிலிருந்த 79 வண்டிகளை இத்தாலியப் பழம்பெரும் வாகனக் கழகம் 2015இல் மொத்தமாக ஏலத்தில் எடுத்து, சிதறாமல் காத்தது. அது நடக்காமல் போயிருந்தால் இன்று அவை பல நாடுகளின் பூட்டிய கொட்டகைகளில் இருந்திருக்கும்.

ஆவணம் இல்லாத இடத்தில்தான் மனித நினைவு வருகிறது. இங்கே ஒரு நல்ல கதை உண்டு. 1969இல் வெளிவந்த 'தி இத்தாலியன் ஜாப்' என்னும் திரைப்படத்தின் தொடக்கத்தில் செம்மஞ்சள் நிற லம்போர்கினி மியூரா ஒன்று மலைப்பாதையில் விரைந்து, பின்னர் நொறுங்கும். நொறுக்குவதற்கென்று ஏற்கெனவே விபத்தில் கெட்டுப்போன வேறொரு மியூராவைப் பயன்படுத்தினார்கள். அப்படியானால் ஓட்டிக் காட்டிய நல்ல வண்டி எங்கே? ஐம்பது ஆண்டுகளாகப் பலர் தேடினர். 2019இல் லம்போர்கினியின் ஆவணப் பிரிவு, அடிச்சட்ட எண் 3586 கொண்ட வண்டியே அது என்று சான்றளித்தது. அதற்குத் துணைநின்ற சான்றுகளில் ஒன்று, படப்பிடிப்புக்கு அவ்வண்டியை ஓட்டிச் சென்ற முன்னாள் ஊழியர் என்சோ மொருட்சியின் நினைவு. விற்பனைக்குரிய புத்தம்புது வண்டியாதலால் அதன் வெள்ளைத் தோல் இருக்கைகள் அழுக்காகிவிடக் கூடாதென்று கழற்றிவிட்டுக் கறுப்பு இருக்கைகளைப் பொருத்தினார்களாம். ஆனால் தலைசாய்ப்பான்கள் பின் தடுப்போடு சேர்ந்திருந்ததால் அவற்றைக் கழற்ற முடியவில்லை. படத்தை மீண்டும் போட்டுப் பாருங்கள். கறுப்பு இருக்கை, வெள்ளைத் தலைசாய்ப்பான்!

ஒரு முதியவரின் நினைவு, ஒரு தொழிற்சாலைக் கணக்கேடு, ஒரு திரைப்படச் சட்டகம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நான்காம் ஆண்டு வரலாற்றுப் பாடத்தில் முதன்மை மூலம், துணை மூலம் என்று நாம் கரும்பலகையில் கோடு போட்டுக் கற்பிக்கிறோமே, அதைவிட இது எளிதாகப் புரிகிறது.

இனி, எனக்கு மனவருத்தம் தரும் பகுதிக்கு வருகிறேன்.

விலை ஏறியதும் பொய்யும் ஏறியது. மில்லே மிலியாவின் பெயரால் 1977 முதல் பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்று நடக்கிறது. அந்தக் காலப் பந்தயத்தில் ஓடிய வகை வண்டிகளுக்கே அதில் இடம். உண்மையாகவே ஓடிய வண்டி என்றால் மதிப்பு இன்னும் அதிகம். ஆகவே, ஓடாத வண்டியை 'ஓடியது' என்று காட்டுவதற்கு ஆசை பிறக்கிறது. பந்தயக் காலத்திலேயே குழப்பத்துக்கு வித்திட்டிருந்தார்கள். எல்லையைக் கடக்கும்போது சுங்கத் தாளில் எந்த எண் இருக்கிறதோ அதற்கேற்ப வண்டியின் எண் பலகையை மாற்றிப் பொருத்திக்கொண்டு போன குழுக்கள் உண்டு. விபத்தில் வளைந்த அடிச்சட்டத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதிய சட்டத்தில் பழைய எண்ணையே வெட்டியதும் உண்டு. பல பத்தாண்டுகள் கழித்து, எறிந்த சட்டத்தை எவரோ குப்பையிலிருந்து எடுத்து, அதன்மேல் ஒரு முழு வண்டியைக் கட்டிவிடுவார். இப்போது ஓர் எண்ணுக்கு இரண்டு வண்டிகள். எது மூத்தது, எது உண்மை என்று வழக்கறிஞர்கள் வாதிடுவார்கள்.

1954இல் லே மான் பந்தயத்தில் வென்றது ஃபெராரி 375 பிளஸ் என்னும் வகை. விரல்விட்டு எண்ணும் அளவிலேயே அவை கட்டப்பட்டன. அவற்றுள் 0384 ஏ.எம். என்ற வண்டி பிற்காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஒருவரின் நிலத்தில் வெயிலிலும் மழையிலும் பல ஆண்டுகள் கிடந்தது. 1980களின் பிற்பகுதியில் அங்கிருந்து திருடப்பட்டு பெல்ஜியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அது மீண்டும் முழு வண்டியாகக் கட்டப்பட்டது. ஆனால் அதன் பகுதிகள் சில ஒஹையோவிலேயே தங்கிவிட்டன. உரிமை கோரியவர்களுக்கிடையே நெடுநாள் இழுபறி. 2014இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் ஏலம் விடப்பட்டு, 10.7 மில்லியன் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அதற்குப் பிறகும் வழக்கு ஓயவில்லை. வண்டியின் வரலாற்றை மறைக்காமல் முழுமையாக எழுதினால் திருட்டையும் எழுதத்தான் வேண்டும். ஆனால் விற்பனைக் கையேடுகளில் இத்தகைய ஆண்டுகள் பொதுவாக எப்படி வரும் தெரியுமா? 'சில காலம் அமெரிக்காவில் இருந்தது' என்ற ஒரு வரியில்! வரலாற்றைக் கழுவுவது என்றால் இதுதான்.

இன்னொரு கொடுமையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. ஃபெராரி 250 ஜி.டி.ஈ. என்பது நால்வர் அமரும் குடும்ப வண்டி. 1960 முதல் 1963 வரை ஏறத்தாழ 950 கட்டப்பட்டன. புகழில்லாத வண்டி, ஆகவே மலிவான வண்டி. ஆனால் அதன் இயந்திரம் புகழ்பெற்ற ஜி.டி.ஓ.வின் இயந்திரத்துக்கு நெருங்கிய உறவு. விளைவு என்ன? ஜி.டி.ஓ. போலிகளைச் செய்வதற்காக இந்தக் குடும்ப வண்டிகளை அறுத்தார்கள். இயந்திரத்தை எடுத்தார்கள், அடிச்சட்டத்தைக் குறுக்கினார்கள், கூட்டைத் தூக்கிப் போட்டார்கள். அதில் பின்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்குப் போன பிள்ளைகள் இருந்திருப்பார்கள். திருமணத்துக்கு அலங்கரித்த நாள் ஒன்று இருந்திருக்கும். அவையெல்லாம் வரலாறு இல்லையா? ஒரு பொய்யான வீரனை உருவாக்க, உண்மையான சாதாரண மனிதன் ஒருவனைப் பலியிடுவதை ஒத்தது இது. எனக்கு இதில் சமரசமே கிடையாது.

ஒரு ஜி.டி.ஈ. மட்டும் தப்பியதைச் சொல்லிவிட வேண்டும். 1962இல் ரோம் நகரக் காவல்துறை ஒரு கறுப்பு ஜி.டி.ஈ.யைக் குற்றவாளிகளைத் துரத்துவதற்காக வாங்கியது. அர்மாந்தோ ஸ்பதாஃபோரா என்ற காவலர் அதனை ஓட்டிப் புகழ்பெற்றார். அவ்வண்டி இன்றும் முழுமையாக இருக்கிறது. அதன் வாழ்க்கைக் கதை தெரிந்திருந்ததால் அதனை அறுக்க எவருக்கும் கை வரவில்லை என்றே நான் கருதுகிறேன். கதை தெரியாத மற்றவற்றுக்கு அந்தக் கவசம் இல்லை.

'அப்படியானால் பிறந்தபோது இருந்த கோலத்துக்கே எல்லா வண்டிகளையும் திருப்பிவிட வேண்டியதுதானே?' என்று கேட்கலாம். அதையும் நான் ஏற்கவில்லை. 1961இல் சில பொறியாளர்கள் ஃபெராரியை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் தொடங்கிய புதிய நிறுவனத்துக்குக் கோமான் வோல்பி பணம் கொடுத்தார். சினங்கொண்ட என்சோ ஃபெராரி, வோல்பிக்கு ஜி.டி.ஓ. விற்க மறுத்துவிட்டார். வோல்பியோ தம்மிடமிருந்த 2819 ஜி.டி. என்ற பழைய 250 வண்டியை, வெளியேறியவர்களுள் ஒருவரான ஜொத்தோ பித்சாரினியிடம் கொடுத்தார். மொடேனாவில் பியரோ த்ரோகோவின் பட்டறையில் அதற்குப் புதிய கூடு கட்டினார்கள். தாழ்ந்த மூக்கு, நீண்டு தட்டையாகப் பின்னோக்கிச் சென்று திடீரென்று வெட்டிய வால். 1962 லே மான் பந்தயத்தில் அதைக் கண்ட ஆங்கிலேயர்கள் 'ரொட்டி வேன்' என்று பெயர் சூட்டினார்கள். (காலையில் நம் தாமானுக்கு வரும் ரொட்டிக்காரருக்கு இச்செய்தி தெரிந்தால் மகிழ்வார்.) அங்கே அது ஜி.டி.ஓ.க்களையும் முந்தி ஓடி, சில மணி நேரத்தில் பழுதாகி நின்றது. அந்த வண்டியின் முதல் கூடு அழகானதுதான். அதற்காக ரொட்டி வேன் கூட்டைப் பிய்த்துவிட்டு முதல் கூட்டை மீண்டும் கட்டுவது அறிவுடைமை ஆகுமா? ஒரு பிணக்கும் ஒரு பிடிவாதமும் அந்தத் தட்டையான கூரையில் பதிந்து கிடக்கின்றனவே!

திரைப்பட இயக்குநர் ரொபெர்த்தோ ரொஸ்ஸெல்லினியின் 375 எம்.எம். (எண் 0402 ஏ.எம்.) கூட அப்படித்தான். பினின் ஃபரினா கட்டிய திறந்த வண்டியாகப் பிறந்து, ஸ்காலியெத்தியின் கையில் மூடிய வண்டியாக மறுபிறவி எடுத்தது. 2014இல் அமெரிக்காவின் பெப்பிள் பீச் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது இரண்டாவது கூட்டுடன்தான். நடுவர்கள் சரியாகவே முடிவு செய்தார்கள்.

ஆக, மாற்றம் குற்றமன்று; மறைத்தலே குற்றம். உலகப் பழம்பெரும் வாகனக் கூட்டமைப்பு 2012இல் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் இந்த வழியிலேயே செல்கிறது. கட்டடங்களைக் காப்பதற்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டது அது. வண்டி வாழ்ந்த காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களும் அதன் வரலாறே, புதிதாகச் செய்த வேலையைப் புதியதென்று அறியும்படி பதிவு செய்ய வேண்டும் என்பன போன்ற கொள்கைகளை அதில் காணலாம். சாசனம் சட்டமன்று. கேட்பவர் கேட்பார்.

2014இல் பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு குடும்பத்தின் கொட்டகைகளில் பயோன் சேகரிப்பு என்று பின்னர் பெயர்பெற்ற பழைய வண்டிகள் கண்டெடுக்கப்பட்டன. ஸ்காலியெத்தி கட்டிய 250 ஜி.டி. கலிபோர்னியா ஒன்று அங்கே பழைய இதழ்க் குவியலின் அடியில் கிடந்தது. நடிகர் அலன் தெலோன் 1960களில் அமர்ந்து படம் எடுத்துக்கொண்ட அதே வண்டி. அருகில் ஃப்ரூவா கட்டிய மசராட்டி ஏ6ஜி. 2015 பிப்ரவரியில் பாரிசில் நடந்த ஏலத்தில் தூசியைக்கூடத் துடைக்காமல் நிறுத்தினார்கள். ஃபெராரி மட்டும் 16 மில்லியன் யூரோவுக்கு மேல் போனது. தூசிக்கு இவ்வளவு விலையா என்று அப்போது என் நண்பர் கேட்டார். தூசிக்கு அல்ல என்பது என் கருத்து. எவரும் இன்னும் கைவைத்துப் பொய் சொல்லாத ஒரு பொருள் என்பதற்குத்தான் அந்த விலை.

பணக்காரர்களின் விளையாட்டுப் பொருளுக்கு இவ்வளவு எழுத்தா என்று சில பெற்றோர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். அந்த வண்டிகளை வாங்குவோர் மீது எனக்குத் தனிப்பட்ட பரிவு ஏதும் இல்லை. என் அக்கறையெல்லாம் அந்தத் தகட்டைத் தட்டிய பெயர் தெரியாத தொழிலாளர்கள் மீதும், தேடுவோரின் ஒழுங்கு மீதும்தான். நல்ல ஆய்வாளர் தம் பட்டியலில் '1961 முதல் 1974 வரை: செய்தி இல்லை' என்று எழுதத் தயங்கமாட்டார். அந்த வெற்றிடத்தை ஓர் இளவரசராலோ ஒரு நடிகையாலோ நிரப்பினால் விலை கூடும் என்று தெரிந்தும் நிரப்பமாட்டார்.

நம் வகுப்பில் நாம் இதைச் செய்கிறோமா? சென்ற ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர்களுக்குக் 'குடும்பப் பொருளின் வரலாறு' என்று ஓர் இடுபணி கொடுத்தேன். வந்தவற்றுள் பாதி, பெற்றோர் எழுதியவை. எழுதியதில் தவறில்லை, ஆனால் ஒரு கைக்கடிகாரம்கூடத் தடுமாறவில்லை! எல்லாத் தாத்தாக்களும் எல்லாப் பொருள்களையும் குறித்த நாளில், குறித்த விலைக்கு, குறித்த கடையில் வாங்கியிருந்தார்கள். ஒரே ஒரு மாணவன் மட்டும், தன் பாட்டியின் தையல் இயந்திரத்தைப் பற்றி, "யாரிடம் வாங்கினார் என்று பாட்டிக்கு மறந்துவிட்டது. மாமா ஒன்று சொல்கிறார், அம்மா வேறு சொல்கிறார்" என்று எழுதியிருந்தான். இயந்திரத்தின் அடியில் உள்ள எண்ணையும் பென்சிலால் படியெடுத்து ஒட்டியிருந்தான். அவனுக்குத்தான் அதிக மதிப்பெண் கொடுத்தேன். மற்றப் பெற்றோர் சிலர் என்னிடம் வருத்தப்பட்டார்கள். அவர்களுக்கு அன்று சரியாக விளக்க இயலவில்லை. இப்பதிவை அந்த விளக்கமாகக் கொள்ளலாம்.

என் வீட்டிலும் ஒரு வண்டி இருந்தது. அப்பா ஓட்டிய டட்சன் 120ஒய். 1991இல் விற்றார். அது மஞ்சள் என்று அப்பா கடைசிவரை சொன்னார். அம்மா செங்கல் நிறம் என்கிறார். இருக்கும் ஒரே புகைப்படத்தில் நான் அதன் முன்னால் நிற்கிறேன். படம் வெளுத்துப்போய் எல்லாமே வெளிர்மஞ்சளாகத் தெரிகிறது. என் உடம்பு பதிவெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மறைத்துவிட்டது. வரும் விடுமுறையில் அம்மா வீட்டு இரும்புப் பெட்டியில் பழைய காப்புறுதித் தாள் ஏதும் கிடைக்கிறதா என்று பார்க்கப்போகிறேன்.